போலோவுக்கு பிரேக் பேட்: ஏற்காடும் வேண்டும், ஐந்து ரோடும் வேண்டும்

பவரை ஏற்ற எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ரீமேப் போட்டாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, எக்ஸாஸ்ட்டும் கொஞ்சம் உறுமுகிறது. அதற்கப்புறம்தான் பலருக்கு பிரேக் ஞாபகம் வருகிறது. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பேட் நல்லா கடிக்கும்?" ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டுகிறேன் என்பதால் என்னிடமும் இதைக் கேட்பவர்கள் உண்டு. பேட் என்பது சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற உராய்வுக் கட்டை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சூட்டில்? 30 டிகிரியில் கடிக்கிற பேட் வேறு, 400 டிகிரியில் கடிக்கிற பேட் வேறு. இரண்டிலும் ஒழுங்காகக் கடிப்பேன் என்று சொல்லும் பேட், விலையைக் கேட்டால் நம்மைக் கடிக்கும்.

என் வண்டி 2013-இல் இந்தியாவுக்கு வந்த அந்த 1.2 லிட்டர் டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல். 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேடிக் பெட்டி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்றைய கணக்கில் இது ஒன்றும் பெரிய ராக்கெட் இல்லை, ஆனால் சின்ன வண்டிக்கு அது போதும், சேலத்தில் தேவைக்கு அதிகம். வார நாட்களில் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் பக்கம் போய் வருவது. ஈரடுக்குப் பாலம் வந்த பிறகும் கீழே சிக்னலில் நிற்பவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான். மாதத்தில் சில தடவை கோவை, அதாவது 544-ஆம் எண் நெடுஞ்சாலை, சங்ககிரி தாண்டியதும் வலது லேனைச் சொந்தம் கொண்டாடும் லாரிகள். அப்புறம் ஏற்காடு. வீட்டிலிருந்து மலை தெரிகிற ஊரில் பிறந்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவை விட்டு வைக்க முடியுமா?

இந்த மூன்று ஓட்டத்திலும் பிரேக்குக்கு வருகிற வேலை ஒன்று போல இருக்காது. பேட் தேர்வு என்பது இதைப் புரிந்துகொள்வதில்தான் முக்கால்வாசி முடிகிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

பிரேக் செய்வது ஒரே வேலை, வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆள், பை எல்லாம் சேர்த்து வண்டி 1,250 கிலோ என்று வைத்துக்கொண்டால் 100 கி.மீ. வேகத்தில் அதனிடம் சுமார் 480 கிலோஜூல் இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் 77 கிலோஜூல்தான். வேகம் இரண்டரை மடங்கு, சூடு ஆறு மடங்கு. ஊருக்குள் நாள் முழுக்கப் பிரேக் அடித்தாலும் டிஸ்க் பெரிதாகச் சூடாவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். நெடுஞ்சாலையில் ஒரு தடவை 100-லிருந்து முழுவதுமாக நிறுத்தினால், அதில் முக்கால் பங்கு முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது என்றும் ஒவ்வொன்றும் 5 கிலோ என்றும் எடுத்துக்கொண்டால், டிஸ்க் 70, 80 டிகிரி ஏறும். ஒரு தடவைதானே, அடுத்த சில நிமிடக் காற்றில் ஆறிவிடும்.

மலை வேறு விவகாரம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே, சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஏறும்போது எஞ்சின் பெட்ரோலைக் குடித்து 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்ததை எல்லாம் இறங்கும்போது ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த 1,200 மீட்டரின் கணக்கு 14,700 கிலோஜூல். அதாவது 100-லிருந்து பூஜ்யத்துக்கு 30 தடவை வரிசையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் கொஞ்சம் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினும் நிறையவே வாங்கிக்கொள்ளும், மீதி எல்லாம் பேட் தலையில். வேகம் 40-ஐத் தாண்டாததால் டிஸ்க்குக்குக் காற்றும் சரியாகக் கிடைக்காது. "நான் மெதுவாத்தான் இறங்கினேன், ஆனாலும் பிரேக் வாசனை வந்துச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

டிஎஸ்ஜி வண்டிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி-யில் போட்டு இறங்கினால் கியர் பெட்டி மைலேஜ் பார்த்துப் பெரிய கியருக்கு ஓடும், எஞ்சின் பிடியே இருக்காது. மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் வைத்து இறங்குங்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். காசு செலவில்லாத பெர்ஃபார்மன்ஸ் பிரேக் அதுதான்.

சரி, பிரேக் "போய்விட்டது" என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது, இதைப் பிரித்துப் பார்க்காமல் பேட் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது. முதல் வகையில் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், முழு பலத்தோடு மிதிப்பீர்கள், வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இது பேட் சூட்டில் தோற்றது. பேட்டைக் கட்டி வைத்திருக்கும் பிசின் அளவுக்கு மேல் சூடானால் உராய்வு விழுந்துவிடும், புதுப் பேட்டாக இருந்தால் அதிலிருந்து வரும் வாயு வேறு நடுவில் புகுந்துகொள்ளும். இரண்டாவது வகையில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடி வரைக்கும் போய்விடும். இதில் பேட் மேல் தப்பே இல்லை, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம், அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வந்தது இரண்டாவது வகையின் ஆரம்பம். மலை அடிவாரம் நெருங்கும்போது பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாகக் கீழே போனது. பேட் மாற்ற வேண்டும் என்று பட்டறைக்குப் போனேன். எங்கள் மெக்கானிக் அண்ணா வீலைக் கழற்றக்கூட இல்லை.

"பேட மாத்தறது இருக்கட்டுங்க தம்பி, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"வாங்குன பழைய ஓனர் மாத்திருப்பாருங்கண்ணா."

"அவரு மாத்திருப்பாருன்னு நீங்க சொல்றீங்க. நீங்க மாத்துவீங்கன்னு அவரு நெனச்சிருப்பாரு."

மூடியைத் திறந்து காட்டினார். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கிற சரக்கு. டாட் 4 தர ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. டாட் 5.1-க்கு அதே எண்கள் 260, 180. ஆக, பழைய ஆயிலோடு மலை இறங்குகிறவர் உலகத்திலேயே விலை உயர்ந்த பேட்டைப் போட்டாலும் பெடல் அடியில்தான் போய் நிற்கும். இன்னும் சொன்னால், நல்ல பேட் கூடுதல் சூட்டைத் தாங்கி வேலை செய்யும், அந்தச் சூடு பேட்டை அழுத்தும் காலிப்பர் வழியாக ஆயிலுக்கும் போகும், பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது ஒன்றும் ஆடம்பரம் இல்லை. 5.1-ஐ டாட் 4 இருந்த வண்டியில் ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். வெறும் டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன், அதை இந்த வண்டிகளில் தொடவே கூடாது. கடைக்காரர் "அஞ்சும் அஞ்சு புள்ளி ஒண்ணும் ஒண்ணுதான் சார்" என்றால் வேறு கடை பாருங்கள்.

ஆயில் மாற்றியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேட்டும் தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் பக்கம் வந்திருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அப்போதுதான் பேட் தேடல் தொடங்கியது.

கடையில் பேட் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், பேட்டை வெளியே எடுத்து ஓரத்தைப் பாருங்கள், பின்பக்க இரும்புத் தகட்டையும் பாருங்கள். நம்பர், எழுத்து என்று பொடியாக ஒரு வரி இருக்கும். பல பேட்களில் அந்த வரியின் கடைசியில் இரண்டு எழுத்து, எஃப்எஃப், ஜிஜி, ஜிஎஃப் என்று. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வைத்திருக்கும் குறி அது. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை, எச் அதற்கும் மேலே. முதல் எழுத்து மிதமான சூட்டுக்கு, ஏறக்குறைய 100 முதல் 200 டிகிரி. இரண்டாவது எழுத்து நல்ல சூட்டுக்கு, சுமார் 340 டிகிரி வரைக்கும். எஃப்இ என்றிருந்தால் சூடாகும்போது பிடி இறங்குகிற பேட், மலைக்காரர்கள் தள்ளி வைக்கலாம்.

ஆனால் இந்த எழுத்தை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டு ஜிஜிதான் வேண்டும் என்று அலைவதும் அர்த்தமில்லாதது. ஒரு அங்குலச் சதுரத் துண்டை மெஷினில் தேய்த்து எடுத்த எண் அது, முழு பேட்டை உங்கள் வண்டியில் வைத்து எடுத்தது அல்ல. 0.36-உம் எஃப், 0.44-உம் எஃப். அதைவிட முக்கியம், காலையில் தெருமுனையில் நாய் குறுக்கே வரும்போது பேட் 30 டிகிரியில் இருக்கும். அந்த முதல் மிதியைப் பற்றி இந்த இரண்டு எழுத்தும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 450 டிகிரியில் என்ன நடக்கும் என்பதையும் சொல்வதில்லை.

அந்த முதல் மிதிதான் ரேஸ் பேட் ஆசைக்காரர்கள் மறந்துபோகிற இடம். எனக்குத் தெரிந்த ஒருவர் கோவை செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டுவதற்காக முழு ரேஸ் பேட் போட்டிருந்தார். டிராக்கில் அருமையாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் பெடல் ஒரே இடத்தில் நின்றது. கழற்ற நேரமில்லாமல் அதோடேயே மறுநாள் வேலைக்குக் கிளம்பினார். காலைத் தூறலில் பிரேக்கைத் தொட்டால் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, இன்னும் அழுத்திய பிறகுதான் மனசில்லாமல் பிடித்தது. அதோடு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பட்டறையில் கட்டர் வைத்து இரும்புப் பைப் அறுக்கிற மாதிரி ஒரு கீச்சல், பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. பேட்டில் குறை எதுவும் இல்லை, அது தயாரிக்கப்பட்ட வேலையைச் செய்தது. ஐந்து ரோடு சிக்னல் அந்த வேலையில் சேராது.

கலவையைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்கானிக் என்று சொல்லப்படுவது சத்தமில்லாதது, டிஸ்க்கைத் தின்னாது, தூசு குறைவு, சூட்டில் சீக்கிரம் தோற்கும். ஜப்பான், கொரிய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கம்பெனியிலிருந்தே வரும். ஐரோப்பிய வண்டிகளில் லோ மெட்டாலிக், இரும்புத் துகள் கொஞ்சம் கலந்தது. போலோக்காரர்கள் வண்டியைக் கழுவிய அடுத்த நாளே முன் வீல் மட்டும் கருப்பாகிறதே என்று புலம்புவது இதனால்தான். கடி நன்றாக இருக்கும், அதற்குக் கூலி தூசு. செமி மெட்டாலிக் இன்னும் இரும்பு கூடியது, சூடு தாங்கும், குளிரில் சுமார், டிஸ்க் தேயும். செராமிக் என்ற பெயரைப் பார்த்து ரேஸ் கார் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். தெரு வண்டிக்கு விற்கும் செராமிக் பேட்டின் முதல் குணம் சுத்தமும் அமைதியும்தான். ஃபெராரியில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை.

கடையில் சில பேட் பெட்டிகளில் மூன்று இலை போட்ட ஒரு முத்திரை இருக்கும். பிரேக்கின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட் தூசியில் இருக்கும் செம்பு மழைநீரோடு ஓடி ஆற்றில் கலந்து சால்மன் மீன்களைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-இல் சட்டம் போட்டன. செம்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்பதைத்தான் அந்த மூன்று இலை சொல்கிறது. செம்பு சூட்டைக் கடத்த உதவிய சரக்கு என்பதால், அதை எடுத்துவிட்டு வேறு கலவை கண்டுபிடிக்கத் தயாரிப்பாளர்கள் பட்ட பாடு தனிக் கதை.

இப்போது பெர்ஃபார்மன்ஸ் பேட் பெயர்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் இபிசி கம்பெனி நிறம் வைத்துப் பிரிக்கிறது: பச்சை வேகமான தெரு ஓட்டத்துக்கு, சிவப்பு தூசு குறைந்த செராமிக், மஞ்சள் தெருவும் கொஞ்சம் டிராக்கும், நீலம் டிராக் பக்கம். ஃபெரோடோவில் டிஎஸ் பெர்ஃபார்மன்ஸ் தெருவுக்கு, டிஎஸ்2500 டிராக் பக்கம் சாய்ந்தது, டிஎஸ்3000 முழு ரேஸ். ஹாக், பாகிட் எல்லாம் இதே மாதிரி படி வைத்திருக்கின்றன. எல்லாக் கம்பெனியிலும் படி ஏற ஏற அதிகபட்சச் சூடு ஏறும், கூடவே பேட் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும் குறைந்தபட்சச் சூடும் ஏறும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அந்த இரண்டாவது எண்தான் முதலில் பார்க்க வேண்டியது. 800 டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் காட்டி விற்பார்கள். ஏற்காடு ரோட்டில் டிஸ்க்கை 800 டிகிரிக்குக் கொண்டுபோகிற ஆள் பேட் வாங்கும் முன் வேறு சில முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும்.

நான் வைத்த வடிகட்டி ஐரோப்பாவின் ஆர்90 முத்திரை. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 90-ஆம் விதி அது. மாற்று பேட் கம்பெனி பேட்டின் பிடியிலிருந்து 15 சதவீதத்துக்குள்தான் ஏறலாம், இறங்கலாம். தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன், அருகில் 90ஆர் என்று தொடங்கும் ஒரு வரிசை. "15 சதவீதம்தான் கூடும்னா அதுல என்ன பெர்ஃபார்மன்ஸ்?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எனக்குக் கூடுதல் கடி வேண்டாம். ஒரு நல்ல டயரில் கம்பெனி பேட்டே, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்-ஐ உசுப்பிவிடுகிறது. ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கிய பிறகு நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர், பேட் இல்லை. முதல் தடவை மிதித்தால் எந்த நல்ல பேட்டும் ஒரே தூரத்தில்தான் நிறுத்தும். பதினெட்டாவது வளைவிலும் அதே கனத்தில் மிதித்தால் அதே அளவு நிற்க வேண்டும், நான் காசு கொடுப்பது அதற்கு.

டிரம் வைத்த வண்டிக்கு இதில் இன்னொரு கோணம் இருக்கிறது. கம்பெனிக்காரன் முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுத்த பங்கு ஒன்று உண்டு. முன்னால் மட்டும் ஜி, எச் என்று கடிக்கிற பேட்டை வைத்தால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டப் பார்க்கும், ஏபிஎஸ் முன்னதாகவே எழும், பின் டிரம் பாதி வேலை செய்யாமல் சும்மா வரும். வண்டியின் மூக்கு கீழே குத்தும், கால் பட்டதும் ஆள் முன்னால் சாய்வார், வீட்டில் பின் சீட்டில் உட்காருகிறவர்களிடம் திட்டு கிடைக்கும். மலை இறங்கும்போது லேசாகத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டிய இடத்தில் கடி அதிகமான பேட் உதவியும் செய்யாது. கால் அழுத்துகிற அளவுக்கு ஏற்றபடி ஏறுகிற பேட்தான் ஓட்ட சுகம்.

ஆக நான் எடுத்தது ஃபெரோடோவின் டிஎஸ் பெர்ஃபார்மன்ஸ். ஆர்90 முத்திரை இருக்கிறது, படிக்கட்டில் கம்பெனி பேட்டுக்கு ஒரு படி மேல். இது இல்லாவிட்டால் என்னுடைய அடுத்த சாய்ஸ் நல்ல கம்பெனி தரப் பேட்டும் புது ஆயிலும்தான், வேறு பெர்ஃபார்மன்ஸ் பேட் இல்லை. நம்மூர் சரக்கு என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: உராய்வுப் பொருளில் சென்னை ஒன்றும் நேற்று வந்த ஊர் இல்லை. பிரேக்ஸ் இந்தியா 1962-இலும், ரானே பிரேக் லைனிங் 1964-இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் தொடங்கியவை. தினமும் ஆபீஸ், மாதம் ஒரு நெடுஞ்சாலை என்று ஓட்டுகிறவருக்கு இறக்குமதி பேட் தேவையே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

போலி சரக்கு எச்சரிக்கையும் உண்டு. ஒரு கடையில் என்னிடம் நீட்டிய பெட்டி கண்ணைப் பறித்தது, பளபளப்பு, ஹோலோகிராம் எல்லாம் இருந்தது. உள்ளே பேட் ஓரத்தில் ஒரு எழுத்து இல்லை, ஒரு நம்பர் இல்லை, இரண்டு பேட்டின் நிறமும் லேசாக வேறு வேறு. பெட்டி அச்சடிப்பது சுலபம், தகட்டில் வரிசை எண் அடித்துக் கலவை சுட்டு எடுப்பது செலவு. பில் தர மாட்டேன் என்றார்கள், அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வாங்கும் முன் அளவைச் சரி பாருங்கள். ஒரே போலோ என்ற பெயரில் எஞ்சினுக்கு ஏற்ப டிஸ்க்கும் காலிப்பரும் மாறும். சர்வீஸ் புத்தகத்திலும் டிக்கியிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், வண்டியில் என்ன பாகம் போட்டிருக்கிறது என்று சொல்லும் பிஆர் கோடுகள் வரிசையாக இருக்கும், அதில் முன் பிரேக்குக்கு உரியது 1-இல் தொடங்கும். அதைச் சொல்லிக் கேட்டால் தப்பான பேட் வராது. "போலோ பெட்ரோலுக்கு" என்று மட்டும் கேட்டால் வரும்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியதை மெக்கானிக்கிடம் நின்று பார்த்தேன், அவருக்கு அது பிடிக்காது, ஆனாலும் நின்றேன். காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஆயில் ஓஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் மேலே கட்டி வைக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போச்சு. காலிப்பர் நகர்கிற கைடு பின் இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து அதற்கென்று இருக்கும் கிரீஸ் போட வேண்டும். என் வண்டியில் இடது பக்கக் கீழ்ப் பின் இறுகிப் போய், உள் பேட் வெளிப் பேட்டைவிட நன்றாகவே தேய்ந்திருந்தது. ஒரு பேட் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பின்னைத்தான். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், வெர்னியர் வைத்து அளந்து பார்த்து, அதற்கு மேலே இருந்தால் லேத்தில் லேசாகச் சீவி ஸ்கிம் பண்ணலாம், ஒட்டி இருந்தால் டிஸ்க்கையும் மாற்றிவிடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க், கோடு போட்ட டிஸ்க் பற்றிக் கேட்பவர்களுக்கு: பார்க்க நன்றாக இருக்கும்.

அப்புறம் பெடிங், அதாவது புது பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது. இதைச் செய்யாமல் பேட் சரியில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். பேட் டிஸ்க்கை வெறுமனே தேய்த்து நிறுத்துவதில்லை. பேட்டின் சரக்கு மெல்லிய படலமாக டிஸ்க் மேல் படிந்து, பேட் அந்தப் படலத்தின் மேல் பிடிக்கிறது. அந்தப் படலம் சமமாகப் படிய வேண்டும். விடிகாலையில் ஆள் இல்லாத நல்ல ரோட்டில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 80-லிருந்து 20-க்கு நிதானமான அழுத்தத்தில் இறக்குவது, உடனே திரும்ப வேகமெடுப்பது, இப்படி எட்டுப் பத்துத் தடவை. முழுவதுமாக நிறுத்தக் கூடாது, ஏபிஎஸ் வரைக்கும் போகவும் கூடாது. பாதியில் ஒரு நாற்றம் வரும், பெடல் கொஞ்சம் சோம்பலாகும், புது பேட்டின் பிசின் வெளியேறுகிற நேரம் அது, பயப்பட வேண்டாம். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விட வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க்கின் வெள்ளிப் பளபளப்பு போய் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். பேட் கம்பெனி அட்டையில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

சூடான டிஸ்க்கோடு சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் பேட் இருக்கிற இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். அடுத்த நாளிலிருந்து பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பட்டறையில் "டிஸ்க் நெளிஞ்சிருச்சு" என்பார்கள். பல சமயம் நெளிந்திருக்காது, திட்டுதான். மலை இறங்கி வந்ததும் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். டிரம் வண்டியில் கை பிரேக் பின்னால்தானே பிடிக்கிறது, முன் டிஸ்க்குக்குத் தொந்தரவு இல்லை.

போட்ட பிறகு எப்படி இருக்கிறது? ஊருக்குள் வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் எனக்கு வேண்டியதும். காலை முதல் மிதியில் கம்பெனி பேட் அளவுக்கே பிடிக்கிறது. மழையில் டிஸ்க் நனைந்திருந்தால் ஒரு நொடித் தயக்கம் இருக்கிறது, முன்பும் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதாவது லேசான முனகல். தூசு குறையவில்லை, கருப்பு வீல் வாங்கிவிடலாம் என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள். மலையில் மட்டும் தெரிகிறது: கடைசி வளைவுகளிலும் பெடல் மேலேயே நிற்கிறது, கால் அழுத்தம் மாறவில்லை, கீழே வந்து இறங்கினால் முன்பிருந்த அந்தக் கருகல் வாசனை இல்லை. இதில் எவ்வளவு பேட்டால், எவ்வளவு ஆயிலால் என்று கேட்டால் பெடல் உயரம் ஆயிலால், வாசனை பேட்டால் என்று சொல்வேன். எஞ்சின் பிடியில் இறங்கக் கற்றுக்கொண்டது இரண்டுக்கும் உதவியிருக்கும்.

பின்னால் டிஸ்க்காக மாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஹப், கை பிரேக் கேபிள், ஏபிஎஸ் சென்சார், முன்-பின் பங்கு என்று வரிசையாக எல்லாவற்றையும் தொட வேண்டும், ஏபிஎஸ் மூளை டிரம்முக்கென்று பழக்கப்பட்டது. இவ்வளவு செலவும் பின் சக்கரத்துக்குப் போகும் கால் பங்கு வேலைக்கு. நான் செய்ததெல்லாம் பின் டிரம்மைத் திறந்து தூசியை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லி, ஷூ பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, கை பிரேக் ஐந்தாவது கிளிக்கில் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டதுதான். டயர் அடுத்த மழைக்கு முன்னால் மாற்ற வேண்டியிருக்கிறது, டிஸ்க் மாற்றும் காசு அதற்குத்தான் போகப்போகிறது.